வேலையிடத்திலும் வீட்டிலும் கருவிகள்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒயிட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன், வீடு அல்சூரில். ஊழியர்களின் லேப்டாப்பில் எதை ஏற்ற வேண்டும், எதைத் தடுக்க வேண்டும் என்று பார்ப்பது என் அன்றாட வேலை. அதனால் அக்கம்பக்கத்தில் யாருக்குப் போனில் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். மென்பொருள் பொறியாளர் கேட்கிறார், பூக்கடை அக்கா கேட்கிறார், டெலிவரி வேலைக்குப் போகும் தம்பிகளும் கேட்கிறார்கள். கேள்விகள் பலவானாலும் அடியில் இருக்கும் குறை ஒன்றுதான். கருவியைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அதன் விளைவைச் சுமப்பவர் வேறொருவர். சுமப்பவர் பக்கம் நின்றுதான் இங்கே பதில் எழுதுகிறேன்.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் நான் செய்வதையெல்லாம் நிர்வாகம் பார்க்கிறதா?

எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஆனால், பார்க்க நினைத்தால் பார்க்க முடியும், பதிவுகள் இருக்கின்றன. எப்போது உள்ளே நுழைந்தீர்கள், எந்தெந்தத் தளங்களுக்குப் போனீர்கள், எந்தக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்தீர்கள், என்னென்ன மென்பொருள் ஏற்றியிருக்கிறீர்கள் என்பவை பெரும்பாலான பெரிய நிறுவனங்களில் பதிவாகின்றன. சில இடங்களில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படமெடுக்கும் மென்பொருளும் உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உலாவியில் பூட்டுப் படம் தெரிந்தால் வங்கிக்கும் நமக்கும் நடுவில் யாரும் இல்லை என்று நம்புகிறோம். ஆபீஸ் லேப்டாப்பில் அந்த நம்பிக்கைக்கு உத்தரவாதம் கிடையாது. நிறுவனம் தன் சொந்தப் பாதுகாப்புச் சான்றிதழை உங்கள் கணினிக்குள் முன்கூட்டியே பதித்து வைத்திருந்தால், போகும் வழியில் தகவலைத் திறந்து பார்த்து, மறுபடி மூடி அனுப்ப முடியும். நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். முகவரிக்குப் பக்கத்தில் உள்ள குறியை அழுத்தி, சான்றிதழ் விவரத்தைத் திறந்து, அதை யார் வழங்கியது என்ற இடத்தைப் படியுங்கள். அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயரோ ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ இருந்தால், உங்கள் பேச்சு ஒரு இடைவழியில் திறக்கப்படுகிறது என்று அர்த்தம். வங்கித் தளங்களுக்குப் பல நிறுவனங்கள் விலக்கு அளிக்கின்றன. உங்கள் நிறுவனம் அளிக்கிறதா என்பதையும் அதே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வைரஸையும் தகவல் திருட்டையும் தடுக்க இது தேவைப்படுகிறது என்பது உண்மைதான். நானே இந்த வேலையைச் செய்கிறேன், அதன் நியாயம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஆதார் நகல், மருத்துவ அறிக்கை, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைப் படிவம், வேறு வேலைக்கு அனுப்பும் சுயவிவரம் எதுவும் ஆபீஸ் லேப்டாப்பில் இருக்கக் கூடாது. வேலையை விட்டு அனுப்பும் நாளில் சில நிமிடங்களில் கணக்கு முடக்கப்படும். பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு, திருப்பிக் கேட்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சொந்தப் போனில் ஆபீஸ் மின்னஞ்சல் வைத்திருக்கிறேன். அதனால் என் போனில் உள்ள மற்றவற்றையும் நிர்வாகம் பார்க்க முடியுமா?

ஆண்ட்ராய்டு போனில் வேலைக்கான பகுதி தனியாகப் பிரிந்திருந்தால் முடியாது. அந்தப் பகுதியில் உள்ள செயலிகளின் மேல் சின்னதாக ஒரு கைப்பெட்டிப் படம் இருக்கும். நிர்வாகத்தின் கை அந்தப் பகுதிக்குள் மட்டும்தான் நீளும். அழிக்க நேர்ந்தாலும் அதை மட்டுமே அழிக்கும். முழுப் போனையும் நிர்வகிக்கும் அனுமதி கேட்டால் சொந்தப் போனில் கொடுக்காதீர்கள். வேலைக்கென ஒரு போன் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஐபோனில் அமைப்புகளில் பொது என்ற பகுதிக்குள் விபிஎன், சாதன நிர்வாகம் என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே யாருடைய பெயர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

அப்படிக் கண்காணிக்க என் சம்மதம் வேண்டாமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. எண்பது வயதைத் தாண்டிய பிறகு ஆதாரை எதிர்த்து நீதிமன்றம் ஏறியவர் அவர். 2024 அக்டோபரில் மறைந்தார். இந்த ஊரில் கணினி முன் உட்காரும் ஒவ்வொருவரும் அவர் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அதன் பிறகு வந்தது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தரவைத் தனியாகச் சம்மதம் பெறாமலே கையாள இடம் கொடுக்கிறது. தொழில் ரகசியத் திருட்டைத் தடுப்பதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. இந்தக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதே என் கருத்து. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் என்று அவை சொல்கின்றன.

அதுவரை உங்கள் கையில் இருப்பது கேள்விதான். என்னென்ன பதிவாகிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், யார் பார்க்கலாம் என்ற மூன்றையும் மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் வாய்ப்பேச்சாகவே பதில் வரும்.

இரவு பத்து மணிக்கும் மேலாளர் செய்தி அனுப்புகிறார். பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டா?

பிரான்சில் 2017 முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே 2025 டிசம்பரில் மக்களவையில் இதற்கென ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தனிநபர் மசோதாக்கள் சட்டமாவது அரிதிலும் அரிது. கர்நாடகத்தில் காற்று எதிர்ப்பக்கமாக அடித்ததையும் மறக்கக் கூடாது. 2024 ஜூலையில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களை ஒரே நாளில் 14 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் யோசனை ஒன்று எழுந்தது. ஊழியர் சங்கம் தெருவில் இறங்கி எதிர்த்தது. சங்கமெல்லாம் ஆலைத் தொழிலாளர்களுக்குத்தான் என்று நினைக்கும் நம் பிள்ளைகள் அந்த நாட்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

போனளவில் செய்யக்கூடியது ஒன்று: மேலே சொன்ன வேலைப் பகுதியை மாலையில் ஒரே தட்டில் நிறுத்தி வைக்கலாம். நிறுத்தினால் அதில் உள்ள எந்தச் செயலியும் ஒலிக்காது. உயிர்போகிற அவசரம் என்றால் மேலாளர் தொலைபேசியில் அழைக்கட்டும்.

மவுஸ் தானாக அசையும் கருவி வாங்கி வைத்தால், வேலை செய்வதுபோல் காட்டலாம் என்கிறார்களே?

வேண்டாம். அசைவு ஒரே தாளத்தில் இருக்கும். எழுத்துத் தட்டலே இருக்காது. மென்பொருளுக்கு அது நன்றாகத் தெரிகிறது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024இல் விசைப்பலகை அசைவைப் போலியாகக் காட்டியதற்காகப் பத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது. கணினி முன் ஆள் இருப்பதாகக் காட்டும் பச்சைப் புள்ளியை வைத்து உழைப்பை அளக்கும் நிர்வாகம் தவறு செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், அதற்கு விலையாக வேலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவு என் வேலையைப் பறித்துவிடுமா?

இன்று பெங்களூரில் இரண்டு தமிழர்கள் சந்தித்தால் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. காரணம் செயற்கை நுண்ணறிவு அல்ல, திறன் பொருந்தாமைதான் என்று நிறுவனம் சொன்னது. வேலை போனவருக்கு இந்த வேறுபாட்டால் பயன் இல்லை.

என் துறையில் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். கடவுச்சொல் மறந்துவிட்டது, பிரிண்டர் இயங்கவில்லை, விபிஎன் இணையவில்லை போன்ற முதல்கட்டப் புகார்களை இப்போது உரையாடும் மென்பொருளே தீர்த்துவிடுகிறது. தீராதவை மட்டும் மனிதர்களிடம் வருகின்றன. அனுபவசாலிக்கு இது நல்லது போலத் தெரியும். புதிதாகக் கல்லூரி முடித்து வரும் பிள்ளைக்கு இதுதான் பெரிய இழப்பு. நாங்களெல்லாம் அந்தச் சின்னப் புகார்களை ஆயிரக்கணக்கில் தீர்த்துத்தான் பெரிய கோளாறின் வாசனையைப் பிடிக்கக் கற்றோம். ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டு மேலே ஏறி வா என்கிறார்கள். நிறுவனங்கள் புதியவர்களை எடுத்து, பிழை செய்ய இடம் கொடுத்து வளர்க்காவிட்டால், பத்து ஆண்டு கழித்து அனுபவசாலிகளை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? இதை மேலிடத்தில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

புதியவர்களுக்கு நான் சொல்வது: மென்பொருள் கொடுத்த விடையை அப்படியே அனுப்பாதீர்கள். அது ஏன் சரி, எங்கே உடையும் என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் உங்களுக்கு அது புரியவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பு ஒன்று உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய நுழைவுச் சீட்டு கொடுத்தார்கள். அன்று கணினி கணினியாகப் போய் உட்கார்ந்து, பாதுகாப்பு நிலையில் தொடங்கி, பழுதான கோப்பைத் தேடி நீக்கத் தெரிந்தவர்களைத்தான் எல்லா நிறுவனங்களும் தேடின.

ஆபீஸ் ஆவணத்தைச் சாட்ஜிபிடியில் ஒட்டிச் சுருக்கம் கேட்கலாமா?

நிறுவனமே வாங்கிக் கொடுத்த கணக்காக இருந்தால், அதன் விதிகளைப் படித்துவிட்டு. சொந்தக் கணக்கில் கூடாது. சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் ரகசிய நிரல்களை அதில் ஒட்டியது தெரியவந்ததும், 2023 மே மாதம் அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது. நம் நிதியமைச்சகமும் 2025 ஜனவரியில் அலுவலகக் கணினிகளில் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது.

தமிழில் கேட்டால் சரியாகப் பதில் சொல்கிறதா?

கடிதம் எழுத, ஆங்கிலப் படிவத்தின் பொருளைத் தெரிந்துகொள்ள, அப்பாவின் மருந்துச் சீட்டில் உள்ள பெயர் எதற்கானது என்று முதலில் ஒரு பிடி கிடைக்க நன்றாக உதவுகிறது. மருந்தின் அளவையும் வாடகை ஒப்பந்த நிபந்தனையையும் அதை நம்பி முடிவு செய்யக் கூடாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சரளமாகச் சொல்லும் குணம் அதற்கு உண்டு. தமிழில் அது படித்த உரை ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு என்பதால், ஊர்ப் பெயரிலும் உறவுமுறையிலும் சட்டச் சொற்களிலும் கூடுதலாகத் தடுமாறும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும், இங்கே பெங்களூரில் இயங்கும் சர்வம் நிறுவனமும் இந்திய மொழிகளுக்காக உழைத்துவருகின்றன.

அம்மாவுக்கு வீடியோவில் போலீஸ் அழைத்தது. வழக்கு இருக்கிறது, கைது செய்துவிட்டோம் என்றார்கள். என்ன செய்வது?

அழைப்பைத் துண்டியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

டிஜிட்டல் கைது என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். ஆனாலும் ஏமாறுபவர்கள் குறையவில்லை, ஏமாறுபவர்கள் அறியாதவர்களும் அல்ல. 2024இல் இதே பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளர் இந்த வகையில் 11.8 கோடி ரூபாயை இழந்தார். படித்தவர் எப்படி ஏமாந்தார் என்று கேட்பவர்கள் ஏமாற்றின் அமைப்பைப் பார்ப்பதில்லை.

முதல் அழைப்பு தொலைத்தொடர்புத் துறையிலிருந்து வந்ததுபோல் இருக்கும். உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் குற்றம் நடந்திருக்கிறது என்பார்கள். அல்லது கூரியரிலிருந்து, உங்கள் பெயரில் அனுப்பிய பொட்டலத்தில் போதைப்பொருள் என்பார்கள். பிறகு வேறு ஊர்க் காவல் அதிகாரிக்கு இணைப்பு மாறும். சீருடை தெரியும், பின்னால் காவல்துறைச் சின்னம் தெரியும், முத்திரையிட்ட கடிதம் வாட்ஸ்அப்பில் வரும். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் பேசக் கூடாது, இது தேசிய ரகசியம் என்பார்கள். கடைசியில், உங்கள் பணத்தைச் சரிபார்த்துத் திருப்பித் தருகிறோம், இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள் என்பார்கள். ஒருவரை அவருடைய மனிதர்களிடமிருந்து பிரித்து, மூச்சுவிட நேரம் கொடுக்காமல் வைத்திருப்பதுதான் இந்தத் திருட்டின் கருவி. வீடியோவும் சீருடையும் அதற்குத் துணைதான்.

இங்குள்ள நம் பெற்றோருக்கு ஆபத்து கொஞ்சம் அதிகம். சேலத்திலோ மதுரையிலோ இந்தியில் ஒருவர் போலீஸ் என்று பேசினால் உடனே சந்தேகம் வரும். பெங்களூரில் வங்கி ஒரு மொழியிலும் மருத்துவமனை ஒரு மொழியிலும் காவலாளி இன்னொரு மொழியிலும் பேசிப் பழகியவர்கள் அவர்கள். பாதி புரியாத மொழியில் அதிகாரம் பேசுவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. மகனும் மகளும் பகல் முழுக்க ஆபீஸில், போன் ஒலியடக்கத்தில்.

அதனால் முதலில் உங்கள் போனை மாற்றுங்கள். தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பிலும் அம்மா, அப்பா எண்கள் மட்டும் ஒலிக்கும்படி விதிவிலக்கு வைக்க முடியும். கூட்டத்தில் இருந்தாலும் எடுப்பேன் என்று அவர்களிடம் சொல்லுங்கள், சொன்னபடி எடுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொன்னாலும் அவன் திருடன், அந்த நொடியே என்னை அழையுங்கள் அம்மா என்று திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள். உங்கள் குரலையே போலியாக உருவாக்கி, விபத்தில் மாட்டிக்கொண்டேன் பணம் அனுப்பு என்று கேட்கும் காலம் இது. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். அந்தப் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து போவதற்குள் நிறுத்திவைக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பரிவர்த்தனை எண், பணம் போன கணக்கு, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதியுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. நீங்களே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை நடந்த இழப்பு உங்களுடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியினுடையது.

அம்மாவைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தமுறை உங்களிடம் சொல்ல மாட்டார்.

வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் வந்தது. திறக்கலாமா?

படமாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ இருந்தால், தெரிந்தவர் அனுப்பியது என்றால், சரி. கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது அழைப்பிதழ் அல்ல, ஒரு செயலி. நிறுவினால் உங்கள் குறுஞ்செய்திகளைப் படித்து, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு போகும். போக்குவரத்து அபராதம் என்ற பெயரிலும் இதே கோப்பு சுற்றுகிறது. பெங்களூரில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் ஏதாவது அபராதம் நிலுவையில் இருக்கலாம் என்பதால் பதறித் திறந்துவிடுகிறார்கள். அபராதத்தைப் போக்குவரத்துக் காவல்துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். இன்னொன்று: ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகளின் தள முகவரிகள் டாட் பேங்க் டாட் இன் என்று முடிய வேண்டும். வேறு மாதிரி முடிந்தால் உள்ளே எதையும் எழுதாதீர்கள்.

எங்கள் தெருக் கடையில் யுபிஐ வேண்டாம், ரொக்கம் கொடுங்கள் என்கிறார்கள். ஏன்?

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பால், காய்கறி விற்றவர்களுக்கும் போனது. அவற்றுக்கு வரியே கிடையாது. கடைகளில் இருந்த கியூஆர் அட்டைகள் ஒரே வாரத்தில் காணாமல் போயின. பழைய பாக்கியை வசூலிக்கப்போவதில்லை, ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களைச் சந்தித்த பிறகு அறிவித்தார். பயம் மட்டும் தங்கிவிட்டது.

பொருள் விற்பவருக்கு ஆண்டு வரவு 40 லட்சம் ரூபாயையும், சேவை தருபவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வீட்டு வரவும் கடை வரவும் ஒரே யுபிஐ கணக்கில் கலந்திருப்பதுதான் பல கடைக்காரர்களின் உண்மையான சிக்கல். மச்சான் திருப்பிக் கொடுத்த கடனும் சீட்டுப் பணமும் வியாபார வரவாகக் கணக்கில் ஏறிவிடுகின்றன. கடைக்குத் தனி வங்கிக் கணக்கு திறப்பதும், வரி இல்லாத பொருளையும் வரி உள்ள பொருளையும் ஒரு நோட்டில் தனித்தனியாக எழுதி வைப்பதும் கியூஆர் அட்டையைக் கழற்றுவதைவிட நல்ல காப்பு.

வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் ஒன்று: பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கேட்டால் அது திருட்டு.

வீட்டு வேலைக்குப் போகும் குடியிருப்பில் என் படத்தை எடுத்துச் செயலியில் போட்டிருக்கிறார்கள். மறுக்கலாமா, அக்கா?

எஜிபுராவிலும் அல்சூரிலும் இருந்து பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வேலைக்குப் போகும் நம் பெண்கள் கேட்கும் கேள்வி இது. வாயிலில் முகத்தைப் படமெடுக்கிறார்கள், ஆதார் நகல் வாங்குகிறார்கள், உள்ளே நுழைந்த நேரமும் வெளியே வந்த நேரமும் ஒவ்வொரு வீட்டுக்காரரின் போனிலும் மணியடிக்கின்றன. எந்தெந்த வீட்டில் வேலை செய்கிறார் என்பது மற்ற வீட்டுக்காரர்களுக்கும் தெரிகிறது. சில செயலிகளில் அவருக்கு நட்சத்திர மதிப்பெண்ணும் உண்டு. தனக்கு என்ன மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்பதை அவரால் பார்க்க முடியாது. ஒரு வீட்டில் சம்பளத் தகராறு வந்து இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டால், அந்த வளாகத்தில் அடுத்த வேலை கிடைப்பதில்லை.

பொறியாளருக்குக் குறைந்தபட்சம் மனிதவளத் துறை என்று ஒன்று இருக்கிறது. இந்த அம்மாவுக்கு யாரும் இல்லை. கண்காணிப்பைப் பற்றி ஆபீஸில் கொதிக்கும் நாமே வீட்டுக்கு வந்ததும் அந்தச் செயலியில் பத்து நிமிடத் தாமதத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். இதை நாம் பேசியே ஆக வேண்டும்.

படமெடுப்பதை மறுத்தால் பல இடங்களில் உள்ளே விட மாட்டார்கள் என்பதுதான் இன்றைய நிலை. ஆனால், தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவருக்கும் உரியது. மேலே சொன்ன 18 மாதம் கழிந்து அது முழுதாக நடைமுறைக்கு வந்தால், பிழையைத் திருத்தச் சொல்லவும், வேலையை விட்ட பிறகு விவரங்களை அழிக்கச் சொல்லவும் அதில் வழி இருக்கிறது. ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண்களை மறைத்த நகலைக் கொடுக்கலாம். பெங்களூரில் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கங்கள் இயங்குகின்றன. தனியாளாகக் கேட்பதைவிட அவர்கள் மூலம் கேட்பது பலிக்கும்.

குடியிருப்புச் சங்கங்களில் இருக்கும் தமிழர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். மதிப்பெண் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். தொலைபேசி எண் எல்லா வீடுகளுக்கும் தெரியும்படி வைக்காதீர்கள். வேலையை விட்டவரின் படத்தை அந்த மாதமே அழியுங்கள். அடுத்த பொதுக்குழுவில் ஐந்து நிமிடம் போதும்.

தம்பி டெலிவரி வேலை செய்கிறான். காரணம் சொல்லாமல் அவன் கணக்கை முடக்கிவிட்டார்கள்.

கர்நாடகத்தில் 2025இல் செயலித் தளங்கள் வழியாக வேலை செய்யும் தற்காலிகத் தொழிலாளர்களுக்கான நலச் சட்டம் வந்திருக்கிறது. பணிநீக்கம் செய்வதற்கு முன் காரணத்தை எழுத்தில் சொல்லி 14 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பணிக்கும் தொழிலாளருக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 விழுக்காடு வரை நலநிதிக்கு நிறுவனம் செலுத்த வேண்டும். தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து இங்கே வண்டி ஓட்டும் தம்பிகளுக்கும் இது பொருந்தும். வேலை நடப்பது கர்நாடகத்தில் என்பதே போதும். முடக்கப்பட்ட திரையின் படம், கடைசி மாத வருமானப் பட்டியல், வாடிக்கையாளர் சேவையோடு நடந்த உரையாடல் மூன்றையும் உடனே எடுத்து வையுங்கள். முழுதாக வெளியேற்றிவிட்டால் பிறகு எதையும் எடுக்க முடியாது. புகாரைச் செயலிக்குள் மட்டும் எழுதாமல், மாநிலத் தொழிலாளர் துறைக்கும் எழுதுங்கள்.

என் லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. புதிது வாங்க வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11 ஏற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு தேவை. பல கணினிகளில் அது இருந்தும் அணைந்த நிலையில் இருக்கிறது. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் போய் அதை இயக்கிப் பாருங்கள். அதுவும் இல்லாத பழைய கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸ் ஏற்றினால், இணையம் பார்க்கவும் கடிதம் எழுதவும் பிள்ளைகள் படிக்கவும் இன்னும் சில ஆண்டுகள் நன்றாக ஓடும்.

கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ரேம் என்ற நினைவகத்தைக் கூட்டலாம் என்று நினைப்பவர்கள் விலையைக் கேட்டு அதிர்கிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்குவதால் 2025இன் பிற்பாதியிலிருந்து உலகெங்கும் விலை ஏறியது. மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கான தன் குரூஷியல் ரேம் வணிகத்தையே விடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் போட்டால் பழைய கணினியின் வேகம் ரேம் கூட்டுவதைவிட அதிகமாகத் தெரியும். பேட்டரி உப்பி, தொடுதளம் மேலெழும்பி இருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். மின்னேற்றுவதை நிறுத்திவிட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

பஸ்ஸில் போன் தொலைந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்குங்கள். அதன் பிறகு வங்கியை அழைத்து யுபிஐயை நிறுத்துங்கள். காவல் நிலையத்திலோ இணையத்திலோ புகார் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொண்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ என்ற, போனுக்கே உரிய அடையாள எண்ணைக் கொடுத்தால் அந்தப் போன் இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம்மிலும் வேலை செய்யாது. அந்த எண் போன் வாங்கிய பெட்டியின் மேலும் பில்லிலும் இருக்கும். பெட்டியைத் தூக்கி எறிந்தவர்கள் இப்போதே *#06# என்று அழுத்தி, வரும் எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் தடையை நீக்கிக்கொள்ளலாம். புதிய சிம் கிடைத்த அன்றே, உங்கள் பெயரில் மொத்தம் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதையும் அங்கேயே பாருங்கள். தெரியாத எண் ஏதாவது இருந்தால் என்னுடையது அல்ல என்று குறித்து அனுப்புங்கள்.